உங்களுக்குத் தெரியுமா? சென்னையில் எழுந்த தாராவி

மும்பையின் ஆண்டாப் ஹில், மாதுங்கா, குடிசைகள் நெருங்கிய தாராவி ஆகிய பகுதிகளில் செல்வாக்கோடு வலம்வந்த நிழலுலக தாதா வரதராஜ முதலியாரின் வாழ்க்கைச் சாயலோடு உருவான படம் மணிரத்னத்தின் 'நாயகன்' (1987). ஆனால், அதில் நாம் பார்க்கும் தாராவியின் பெரும்பகுதி மும்பையிலேயே இல்லை!

சென்னை வீனஸ் ஸ்டுடியோவில் போட்ட செட் அது. போட்டவர் கலை இயக்குநர் தோட்டா தரணி. தாராவியை நேரில் பார்த்து, புகைப்படங்கள் எடுத்துவந்து, அவற்றை வைத்தே குடிசைகளையும் சந்துகளையும் எழுப்பினார். மும்பையில் எடுத்த காட்சிகளோடு செட் காட்சிகள் ஒட்டுத் தெரியாமல் சேர வேண்டும் என்பதுதான் சவால். தகரத்தின் துரு, சுவரின் கறை என எதிலும் புதுசு தெரிந்தால் கேமரா காட்டிக்கொடுத்துவிடும்.

பலன்? சிறந்த கலை இயக்கத்துக்கான தேசிய விருது.

தரணிக்குக் கலை இயக்கம் பரம்பரைத் தொழில். தந்தை தோட்டா வெங்கடேஸ்வர ராவும் கலை இயக்குநர்தான். 'இந்தியன்' (1996) படத்துக்காக இன்னொரு தேசிய விருது, 2001-இல் பத்மஸ்ரீ எனத் தரணியின் பயணம் தொடர்ந்தது. மணிரத்னத்தின் 'பம்பாய்' (1995), 'பொன்னியின் செல்வன்' (2022) படங்களுக்கும் அவரே கலை இயக்குநர்.

சென்னையில் தாராவி எழுந்த கதை 'நாயகன்' படத்தோடு முடியவில்லை: ரஜினிகாந்தின் 'காலா' (2018) படத்துக்கும் சென்னையில் ஒரு தாராவி செட் போடப்பட்டது.