கடலை வேருக்குள் ரத்தச் சிவப்பு, தெரியுமா?

நிலக்கடலைச் செடி ஒன்றை ஈர மண்ணோடு பிடுங்கி, மண்ணை உதறிவிட்டு வேரைப் பாருங்கள். கடுகு கடுகாக முடிச்சுகள் தெரியும். ஒன்றைக் கிள்ளி நகத்தால் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பு! நம் ரத்தத்தைச் சிவப்பாக்கும் ஹீமோகுளோபினுக்கு ஒன்றுவிட்ட தம்பி அது, பெயர் லெக்ஹீமோகுளோபின். கடலைச் செடிக்கு எதற்கு ரத்தம்?

அந்த முடிச்சுக்குள் குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியாவுக்குத்தான். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து அம்மோனியாவாக்கும் அதன் நொதி, ஆக்சிஜன் பட்டால் செத்துப்போகும். ஆனால் பாக்டீரியா மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும்! செடி என்ன செய்கிறது? சிவப்புப் புரதத்தால் ஆக்சிஜனைக் கவ்விப் பிடித்து, எண்ணி எண்ணிக் கொடுக்கிறது. உரத் தொழிற்சாலையில் இதே வேலைக்கு 400 டிகிரிக்கு மேல் சூடும், காற்றழுத்தத்தைப்போல 100 மடங்குக்கும் மேலான அழுத்தமும் தேவை. இங்கே வயல்காட்டு வெயிலே போதும்!

சும்மா தின்றுவிட்டுத் தூங்கும் பாக்டீரியாவும் உண்டு. அதற்குத் தண்டனையும் உண்டு, தெரியுமா? டோபி கியர்ஸ் என்ற விஞ்ஞானியின் குழுவினர் சோயா முடிச்சுகளைச் சுற்றியிருந்த காற்றில் நைட்ரஜனை எடுத்துவிட்டு ஆர்கானை நிரப்பினார்கள். பாவம், பாக்டீரியா வேலை செய்ய நினைத்தாலும் முடியாது. செடி காரணமெல்லாம் கேட்கவில்லை. அந்த முடிச்சுகளுக்குப் போகும் ஆக்சிஜனைக் குறைத்துவிட்டது! 2003இல் வெளியான ஆய்வு இது. கூலி கொடுப்பதில் இவ்வளவு கறார்!

இந்தக் கூட்டணியை நம்பி ஒரு நாடே விவசாயம் செய்கிறது. பிரேசிலில் ஆண்டுக்கு 15 கோடி டன்னுக்கு மேல் சோயா விளைகிறது, பெரும்பாலும் நைட்ரஜன் உரமே போடாமல்! செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்து, 1950இல் பிரேசிலுக்குக் குடியேறிய யோஹன்னா டோபெரைனர் என்ற மண் விஞ்ஞானி, ‘உரத்தை விடுங்கள், பாக்டீரியாவைப் பாருங்கள்’ என்று பிடிவாதமாக நின்றதற்கு இதில் பெரும்பங்கு. சோயாவோடு நிற்கவில்லை அவர். கரும்பின் தண்டுக்குள்ளேயே குடியிருந்து நைட்ரஜன் பிடிக்கும் பாக்டீரியாவையும் 1988இல் அவர் குழுதான் உலகுக்குக் காட்டியது.

முடிச்சு வேரில்தான் வர வேண்டுமா என்ன? செனகலைச் சேர்ந்த மணிலா அகத்திக்குத் தண்டிலேயே வரிசையாக முடிச்சு வரும். வயலில் தண்ணீர் நின்று வேர் மூச்சுத் திணறினாலும் மேலே வேலை நிற்காது. நெல்லுக்கு முன் பசுந்தாள் உரமாக இதை விதைத்து மடக்கி உழுவது இதற்காகத்தான். அசோலா என்ற நீர்ப்பெரணி இன்னும் ஒரு படி மேலே: இலைக்குள் குழி தோண்டி நீலப்பச்சைப் பாசியைக் குடிவைத்து, அடுத்த தலைமுறைக்கு வித்துகளோடு சேர்த்தே அனுப்புகிறது. அந்தப் பாசிக்கு இப்போது தனிக்குடித்தனமே நடத்தத் தெரியாது!

அடுத்தது துப்பறியும் கதை. 1966இல் பருத்தி வேர்க் கசிவில் ஒரு ரசாயனம் சிக்கியது. சோளத்தின் வேரில் ஒட்டி உறிஞ்சும் சுடுமல்லியின் விதை, அதன் வாசனை பட்டதுமே முளைத்துவிடும். மண்ணுக்குள் பல ஆண்டுகள் தூங்கும் விதை அது. ஆப்பிரிக்காவில் ஏழை உழவர்களின் சோளத்தையும் மக்காச்சோளத்தையும் சூறையாடுவது. தன் எமனைத் தானே எழுப்பிவிடும் சங்கேதத்தை எந்தப் பயிராவது வெளியிடுமா? கிட்டத்தட்ட 40 ஆண்டுகள் விடையில்லை. 2005இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் அவிழ்த்தார்கள்: அந்தச் சங்கேதம் வேர்ப்பூஞ்சைக்கு விடும் அழைப்பு! ‘மணிச்சத்து கொண்டு வா, சர்க்கரை தருகிறேன்’ என்று பயிர் கூப்பிடுகிறது. பக்கத்தில் ஒட்டுக்கேட்ட சுடுமல்லி ஓடிவந்துவிடுகிறது. வேருக்கும் பூஞ்சைக்கும் 40 கோடி ஆண்டுப் பழக்கம். ஸ்காட்லாந்தின் ரைனி பாறைகளில் புதைபடிவச் சாட்சி இருக்கிறது. கடுகு, முட்டைக்கோஸ் குடும்பம் போன்ற சில மட்டும் இந்த உறவே வேண்டாமென்று ஒதுங்கிவிட்டன.

பயிருக்குக் காவல் நிற்கும் நுண்ணுயிர்களும் உண்டு. பூச்சிக்கொல்லி நுண்ணுயிர்களில் இரண்டு பெரிய பெயர்களும் பட்டுப்புழுவைக் கொன்ற குற்றவாளிகள், தெரியுமா? பட்டுப்புழுவை வெள்ளை மாவு பூத்ததுபோல் சாகடித்த பூஞ்சையை 1835இல் இத்தாலியின் அகோஸ்தினோ பாஸி பிடித்தார். விலங்குக்கு நோய் தருவது ஒரு நுண்ணுயிர் என்று காட்டிய முதல் சாதனை! அந்தப் பூஞ்சைதான் கடையில் பவேரியா பாசியானா என்று விற்கிறது (மல்பெரித் தோட்டத்துப் பக்கம் தெளித்துவிடாதீர்கள்). 1901இல் ஜப்பானின் இஷிவாடா கண்டுபிடித்த இன்னொன்று, இன்றைய பி.டி. பாக்டீரியா. அதன் புரதப் படிகம் புழுவின் காரத்தன்மையுள்ள குடலில் கரைந்து விஷமாகிறது. நம் வயிறோ அமிலம்!

இலைமீதும் குடித்தனம் உண்டு. வளரும் இலை மெத்தனாலைக் கசியவிடும். அதைக் குடித்து வாழும் இளஞ்சிவப்பு பாக்டீரியா ஒன்று பதிலுக்கு வளர்ச்சி ஊக்கிகளைத் தருகிறது. வறட்சியில் வாடும் பயிருக்குத் தெளிக்க, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் பி.பி.எஃப்.எம். இதுதான்.

இவ்வளவு சாமர்த்தியசாலிகளை நாம் என்ன செய்கிறோம்? அசோஸ்பைரில்லம் உயிர் உரப் பாக்கெட்டை வாங்கி, வெயிலில் நிற்கும் வண்டியின் சீட்டுமேல் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறோம்! உள்ளே இருப்பது உயிர் ஐயா. ஆறிய கஞ்சியில் கலந்து விதையில் புரட்டி, நிழலில்தான் உலர்த்த வேண்டும். பூசணக்கொல்லி மருந்தோடு ஒரே நேரத்தில் கலந்தால் காசு போச்சு. சோயாவுக்கான ரைசோபியத்தைக் கடலைக்குப் போட்டாலும் பலனை எதிர்பார்க்க முடியாது.

கடைசியாக ஒரு அதிசயம். மெக்சிகோவின் வஹாகா மலைகளில் மீஹே மக்கள் காலங்காலமாகக் காத்துவரும் மக்காச்சோளம், ஓர் ஆளைப்போல் மூன்று மடங்கு உயரம்! தரைக்கு மேலே தொங்கும் வேர்களிலிருந்து கோந்துபோல் வழவழவென்று ஒழுகும். அந்தக் கோந்துக்குள் நைட்ரஜன் பிடிக்கும் பாக்டீரியாக்கள்! பயிருக்கு வேண்டிய நைட்ரஜனில் 29 முதல் 82 சதவீதம் வரை காற்றிலிருந்தே வருகிறது என்று 2018இல் அளந்து சொன்னார்கள். தானியப் பயிரில் இப்படி ஒன்றா என்று உலகமே அசந்துபோனது. ஒரே சிக்கல், விளைய எட்டு மாதம் ஆகும். குறுகிய கால மக்காச்சோளத்துக்கு அந்தக் கோந்து வேரை மட்டும் இனக்கலப்பில் கொண்டுவர முடியுமா என்றுதான் இப்போது முயன்றுகொண்டிருக்கிறார்கள்.