ஈமாக்ஸ் விண்டோஸில் ஏன் திணறுகிறது?

“லினக்ஸில் பறக்கிற ஈமாக்ஸ், விண்டோஸ்ல மட்டும் ஏன் சார் இப்படி மூச்சு வாங்குது?” புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் அடிக்கடி கேட்பது இது. ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. டீ சொல்லிவிட்டு உட்காருங்கள்.

குனூ ஈமாக்ஸ் என்ற உரைத்திருத்தி 1985-ல் வெளிவந்தது. அது யூனிக்ஸ் கணினிகளுக்காக எழுதப்பட்டது. விண்டோஸுக்கு அது வந்தது தொண்ணூறுகளில். தட்டச்சு, வெட்டி ஒட்டுதல், தேடல், வண்ணம் எல்லாம் இரண்டு இடத்திலும் ஒன்றுபோலவே நடக்கும். சிக்கல் வேறு இடத்தில். ஈமாக்ஸ் தன் வேலைகளில் பாதியைத் தானே செய்வதில்லை. எழுத்துப்பிழை பார்க்க ஒரு நிரல், கோப்புகளுக்குள் தேட ஒரு நிரல், கம்பைல் செய்ய ஒன்று, கோப்புகளின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் ஒன்று என்று வெளியே இருப்பவற்றைக் கூப்பிட்டு வேலை வாங்கும். அந்தக் கூப்பிடும் முறையில்தான் யூனிக்ஸும் விண்டோஸும் அடியோடு வேறுபடுகின்றன.

யூனிக்ஸில் ஒரு நிரல் ‘ஃபோர்க்’ என்ற அழைப்பின் மூலம் தன்னையே பிரதி எடுத்துக்கொள்ளும். அந்தப் பிரதி உடனே வேண்டிய நிரலாக மாறிவிடும். செலவு குறைவு. விண்டோஸில் அப்படி ஓர் அழைப்பு நிரல்களுக்குக் கிடையாது. ஒவ்வொரு முறையும் புதிய ப்ராசஸை முதலிலிருந்து கட்ட வேண்டும். ஆன்டிவைரஸ் வேறு ஒவ்வொன்றையும் வாசலில் நிறுத்திச் சோதனை போடும். கிட்டுக்காக ஈமாக்ஸில் பலரும் பயன்படுத்தும் மேகிட், தன் திரையை ஒருமுறை புதுப்பிக்கவே கிட்டைப் பல தடவை தனித்தனியாக ஓட்டுகிறது. லினக்ஸில் கண் சிமிட்டும் நேரத்தில் முடிவது, விண்டோஸில் காத்திருக்க வைக்கிறது. மேகிட்டைத் திட்டிப் பயனில்லை.

அடுத்ததுதான் ஆட்களை அதிகம் குழப்புவது. ஈமாக்ஸுக்குள் ஷெல் திறந்து ‘பைத்தான்’ என்று அடிக்கிறீர்கள். எதுவும் வருவதில்லை. தொங்கிவிட்டது என்று நினைத்து மூடுகிறீர்கள். உண்மையில் அது தொங்கவில்லை. யூனிக்ஸில் ஈமாக்ஸ் ஒரு போலி டெர்மினலை உருவாக்கி, அதன் மறுமுனையில் பைத்தானை உட்கார வைக்கும். எதிரே ஒரு மனிதர் இருப்பதாகப் பைத்தான் நம்பும். விண்டோஸில் ஈமாக்ஸ் வெறும் பைப்பில், அதாவது ஒரு நிரலிலிருந்து இன்னொன்றுக்கு எழுத்துகளைக் கடத்தும் குழாயில்தான் பேசுகிறது. டீ மாஸ்டர் எதிரே நிற்பவருக்குக் கிளாஸ் கிளாஸாக நீட்டுவார். ஆபீசுக்கு வாங்க ஃபிளாஸ்க்கோடு வந்த பையனுக்கு ஃபிளாஸ்க் நிரம்பும்வரை தரமாட்டார். பைப்பைக் கண்ட பல நிரல்களும் அப்படித்தான், பஃபர் நிரம்பும்வரை பதிலைக் கையில் வைத்துக்கொள்ளும். பைத்தானோ எதிரே ஆளில்லை என்று நினைத்து உரையாடலையே தொடங்காது. பைத்தானுக்கு ‘ஐ’ கொடியைக் கொடுத்து, ஊடாடும் முறையில் ஓடும்படி கட்டாயப்படுத்தினால் வழிக்கு வந்துவிடும். எல்லா நிரல்களுக்கும் அப்படி ஒரு கொடி இருக்காது. டெர்மினல் இருந்தால்தான் கடவுச்சொல் கேட்பேன் என்று அடம்பிடிக்கும், தொலைவுக் கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் ஒரு தனிக் கதை. அதனால்தான் தொலைவுக் கணினியின் கோப்பைத் திறக்கும் டிராம்ப் வசதிக்கு, விண்டோஸில் புட்டி தொகுப்பின் பிளிங்க்கைப் பயன்படுத்தச் சொல்கிறார்கள்.

ஓடும் நிரலை நிறுத்துவதும் இதே பாடுதான். ஓடும் நிரலிடம் ‘நில்’ என்று சொல்லும் யூனிக்ஸ் போன்ற சிக்னல் முறை விண்டோஸில் இல்லாததால், மறைந்திருக்கும் கன்சோல் சன்னலில் யாரோ கன்ட்ரோல்-சி அழுத்தியதுபோல ஈமாக்ஸ் நடிக்கிறது. சில நிரல்கள் நிற்கும், சில கண்டுகொள்ளாது.

நமக்கு நேரடியாக வலிப்பது கோப்புப் பெயர். விண்டோஸ் உள்ளுக்குள் யூனிகோட்தான் என்றாலும், பழைய நிரல்களுக்கென்று கோட்பேஜ் என்ற வாசல் ஒன்றை வைத்திருக்கிறது. மேற்கு ஐரோப்பாவுக்கு 1252, ரஷ்ய மொழிக்கு 1251, தாய் மொழிக்கு 874. தமிழுக்கு இப்படிக் கணினி முழுதுக்கும் அமைத்துக்கொள்ளும் கோட்பேஜ் கிடையாது. ஈமாக்ஸ் நெடுங்காலம் அந்த வாசல் வழியாகவே போய்வந்ததால், தமிழில் பெயர் வைத்த கோப்பை அதில் திறக்கவே முடியாமல் இருந்தது. 2014-ல் வந்த 24.4 பதிப்பு யூனிகோட் வழியைத் திறந்தது. முழுத் தீர்வு அல்ல. அதே பெயரைக் கோப்புகளுக்குள் தேடும் கிரெப்புக்கோ கிட்டுக்கோ கட்டளை வரியில் அனுப்பும்போது மறுபடி கோட்பேஜுக்குள் நுழைய வேண்டும். பெயர் அங்கே சிதைந்துவிடும். உள்ளடக்கம் தமிழில் இருக்கட்டும், கோப்பின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் வையுங்கள். இதைச் சொல்ல எனக்கே பிடிக்கவில்லை, ஆனால் வேலை நடக்க வேண்டுமே.

வரி முடிவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விண்டோஸ், யூனிக்ஸ் என்ற இரண்டு வகையையும் ஈமாக்ஸ் நன்றாகவே கையாள்கிறது. விண்டோஸில் புதிதாக எழுதிய ஷெல் ஸ்கிரிப்டை லினக்ஸ் சர்வருக்கு அனுப்பும்முன் மட்டும் யூனிக்ஸ் வகைக்கு மாற்றிவிடுங்கள். பழைய பதிப்புகளில் வண்ண எமோஜி வராது, கறுப்பு வெள்ளைதான். அதற்காக யாரும் அழ வேண்டாம்.

இவற்றையெல்லாம் யாரும் மூடி மறைக்கவில்லை. ஈமாக்ஸோடு ‘பிராப்ளம்ஸ்’ என்றே பெயரிட்ட கோப்பு ஒன்று வருகிறது. கன்ட்ரோல்-ஹெச், பிறகு கன்ட்ரோல்-பி அழுத்தினால் திறக்கும். எது எங்கே உடையும், அதற்கு மாற்று என்ன என்று விண்டோஸுக்கும் அதில் தனிப்பகுதி உண்டு. எலி ஸரெட்ஸ்கி போன்ற தன்னார்வலர்கள் பல்லாண்டுகளாக விண்டோஸ் வடிவத்தைப் பராமரித்து வருகிறார்கள். குறையைத் தானே எழுதிக் கொடுக்கும் மென்பொருளை நான் கூடுதலாகவே நம்புவேன்.

குறிப்பு, கட்டுரை, ஈமாக்ஸுக்கே உரிய ஆர்க் குறிப்புக் கோப்புகள், சின்னச் சின்ன நிரல் என்றால் விண்டோஸ் ஈமாக்ஸே தாராளமாகப் போதும். நாள் முழுக்க கிட், ஷெல், சர்வர் என்று அலைபவர் என்றால், விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்லை நிறுவி, அதற்குள் லினக்ஸ் ஈமாக்ஸைப் போட்டுக்கொள்ளுங்கள். விண்டோஸ் 11-ல் அதன் சன்னல் மற்ற சன்னல்களோடு சேர்ந்தே திறக்கும்.