சித்தப்பாவோட ஜிபிஎஸ்ஸும் ஒரு யூஎஸ்பி கேபிளும்

இந்த எபிசோட் யூஎஸ்பி டிரைவர் பத்தி. "கெர்னலா, ஆளை விடு"ன்னு ஓடிடாதீங்க, கதையோடதான் வர்றேன்.

பொங்கலுக்கு காரைக்கால் பக்கம் எங்க ஊரு மண்டபத்தூர் போயிருந்தேன். சித்தப்பா போட்ல இருக்குற பழைய ஜிபிஎஸ் ஸ்கிரீன் மங்கிக்கிட்டே வருது. உள்ள அவர் பல வருஷமா குறிச்சு வச்ச பார் எல்லாம் இருக்கு. பார்னா கடலுக்கடியில மீன் தங்குற பாறை இடம். "ஸ்கிரீன் போறதுக்குள்ள எடுத்துக் குடுறா தம்பி"ன்னார். அதுல இருக்கறது பழைய சீரியல் போர்ட். ஒரு யூஎஸ்பி-சீரியல் கேபிள் வாங்கி லினக்ஸ் லேப்டாப்ல சொருகினேன். ஒண்ணும் நடக்கல.

ஆனா கெர்னல் லாக்ல "புது டிவைஸ் வந்திருக்கு"ன்னு ஒரு வரி இருந்துச்சு. அப்போ கேபிள் சாகல!

சொருகின உடனே வயர்ல வோல்டேஜ் மாறும், ஹப் அதைக் கவனிச்சு கெர்னலுக்குச் சொல்லும். கெர்னல் போர்ட்டை ரீசெட் பண்ணும். புதுசா வந்த டிவைஸ் முதல்ல 0ங்கிற அட்ரஸ்ல பதில் சொல்லும். அப்புறம் 1ல இருந்து 127க்குள்ள ஒரு அட்ரஸ் கிடைக்கும். 7 பிட்தான், அதான் 127. யூஎஸ்பியில டிவைஸ் தானா பேசாது. வாத்தியார் பேர் கூப்பிட்டாத்தான் "உள்ளேன் ஐயா". மவுஸைக்கூட கம்ப்யூட்டர்தான் சில மில்லிசெகண்டுக்கு ஒருதரம் "ஏதாவது நகர்ந்தியா?"ன்னு கேட்டுக்கிட்டே இருக்கு. அதுக்குப் பேரு 'இன்டரப்ட்'னு வச்சிருக்காங்க பாருங்க, அங்கதான் நான் ரொம்ப நாள் குழம்பினேன்.

அடுத்து 18 பைட் விவரம் வாங்கும். அதுல தயாரிப்பாளர் ஐடி, பொருள் ஐடின்னு ரெண்டு நம்பர். ஒவ்வொரு டிரைவர்கிட்டயும் தனக்குத் தெரிஞ்ச ஐடிகளோட ஒரு டேபிள் இருக்கும். பொருந்தினா, கெர்னல் அந்த டிரைவரோட 'புரோப்' ஃபங்ஷனைக் கூப்பிடும். அது 0 திருப்பினா "இது என்னோடது"ன்னு அர்த்தம். யாரோட டேபிளும் பொருந்தலைன்னா, டிவைஸ் அட்ரஸோட சும்மா உட்கார்ந்திருக்கும். நம்ம கேபிள் மாதிரி.

1996ல யூஎஸ்பி முதல் பதிப்பு வந்தப்போ, இன்டெல்ல அதை வடிவமைச்சவங்கள்ல முக்கியமானவர் அஜய் பட், பரோடாவுல படிச்சவர். சொருகினா வேலை செய்யணும், அதுதான் நோக்கம். அந்த டேபிள்ல பேர் இருந்தா!

கேபிளோட தலையைப் பிளந்து பார்த்தேன். சிப் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், அதுக்கு டிரைவரும் கெர்னல்ல இருக்கு. ஐடி மட்டும் வேற. டிரைவரை லோட் பண்ணி, அதோட 'நியூ ஐடி' ஃபைல்ல ரெண்டு நம்பரையும் எழுதினேன். உடனே சீரியல் போர்ட் வந்துடுச்சு. சிப் என்னன்னு தெரியாம இதைச் செய்யாதீங்க, தப்பான டிரைவர் தப்பான கட்டளைதான் அனுப்பும். ரீபூட் பண்ணா இது மறந்தும் போயிடும். நிரந்தரமா வேணும்னா டிரைவர் டேபிள்ல ஒரு வரி சேர்க்கணும். கெர்னலுக்கு வர்ற பல பேட்ச் அந்த ஒரே வரிதான்.

எனக்குப் பயம் டிஸ்கனெக்ட்லதான். பாதியில கேபிளை உருவினா, அனுப்பி முடியாத கோரிக்கைகளை டிரைவர் ரத்து பண்ணிட்டுத்தான் மெமரியை விடணும். மறந்துட்டா ஒரு ஆப் மட்டும் சாகாது, மெஷினே தொங்கிடும். அதனால பாயிண்ட் எல்லாம் இறங்குற வரைக்கும் யாரையும் லேப்டாப் பக்கம் விடல.

சித்தப்பா லிஸ்ட்டை வாங்கி விரல் வச்சு எண்ணினார். எல்லாம் இருந்துச்சு. அந்த நம்பர் மட்டும் இங்க சொல்ல மாட்டேன், கொன்னுடுவார்.