இருமுறை சூரியோதயம் கண்ட பயணம்

தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் கிடைக்கும் என்று மாணாக்கருக்கு நாம் கற்பிக்கின்றோம். ஆகாயத்திலோ, காற்றையும் அக்கணக்கிற் சேர்த்தல் வேண்டும். இதனை விளக்க, நம் நாட்டுக் கரையில் வந்து முடிந்த ஒரு பயணத்தையே எடுத்துக்கொள்வோம்.

1942ஆம் ஆண்டு பெப்ரவரியில் சிங்கப்பூர் யப்பானியர் வசமாயிற்று. அவுஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே அவ்வழியாகச் சென்ற விமான மார்க்கம் அறுந்தது. எனவே 1943இல் குவான்டாஸ் நிறுவனத்தார் புதுவழி ஒன்றைத் தொடங்கினர். பேர்த் நகரத்து ஆற்றிலிருந்து எழும் 'கற்றலீனா' நீர்விமானம், இந்து சமுத்திரத்தைக் கடந்து, காலிக்கு அருகிலுள்ள கொக்கலை வாவியில் இறங்கும். இடைத்தூரம் ஏறத்தாழ 3,500 மைல். இடையில் எங்கும் தங்குவதில்லை.

அவ்விமானத்தின் வேகம் மணிக்கு 125 மைல் எனக் கொள்வோம். காற்றில்லையெனில் 28 மணித்தியாலம் செல்லும். மணிக்கு 15 மைல் வேகத்தில் எதிர்க்காற்று வீசினால் வேகம் 110 மைலாகும். பயணம் ஏறத்தாழ 32 மணித்தியாலமாக நீளும். அதே காற்று பின்னின்று உந்தினால் 25 மணித்தியாலம் போதும்.

'போகும்போது இழந்த நேரத்தை வரும்போது பெற்றுவிடலாமே' என்று மாணவர் கேட்பர். பெற முடியாது. இழந்தது நான்கு மணித்தியாலம்; பெற்றது மூன்றே. எதிர்க்காற்று விமானத்தை நெடுநேரம் தடுக்கின்றது. பின்காற்றோ சிறிது நேரமே உதவுகின்றது. இக்காலத்து ஜெற் விமானம் மணிக்கு 550 மைல் செல்வதாயின், அதே எதிர்க்காற்றால் அதற்குப் பத்து நிமிடமளவே தாமதமாகும்.

கற்றலீனாவுக்கு அந்நான்கு மணித்தியாலம் உயிர்ப்பிரச்சினையாகும். கீழே கடலன்றி வேறில்லை. ஆதலின் மேலதிகப் பெற்றோலையே பெரும்பாரமாக ஏற்றினர். பிரயாணிகள் மூவருக்கும் சிறிதளவு தபாலுக்குமே இடம் எஞ்சிற்று. பகைவர் அறியாவண்ணம் வானொலியில் வாய் திறவாது, நட்சத்திரங்களையும் திசையறிகருவியையும் துணைக்கொண்டு சென்றனர். ஒரே பயணத்தில் இருமுறை சூரியன் உதிக்கக் கண்டமையால் அதற்கு 'இரட்டைச் சூரியோதயம்' என்னும் பெயர் வாய்த்தது. பயணங்களுள் மிக நீண்டது 32 மணித்தியாலமும் 9 நிமிடமும் எடுத்தது.

1945இல் சேவை முடியும்வரை 271 முறை இக்கடலைக் கடந்தனர். ஒரு விமானமேனும் இழக்கப்படவில்லை.

இன்று பிள்ளைகளை எதிர்நோக்கி விமான நிலையத்தில் நிற்கும் நாம், அரைமணி தாமதமாயினும் கலங்குகின்றோம். அன்று கொக்கலைக் கரையில் நின்றோருக்கு விமானத்தினின்று ஒரு சொல்லும் வராது. காற்று எவ்வாறிருந்திருக்கும் என்று கணக்கிட்டுக்கொண்டு, தெற்கு வானையே நோக்கியிருந்தனர்.