டிஃபரன்ஷியலில் எண்ணெய்க் கசிவா?

அனந்தகிரி மலைச் சேற்றில் ஓட்டி வந்தபின் எங்கள் ஜீப்பின் பின் ஆக்சிலில் எண்ணெய் கசிந்தது. ஆயில் சீலை மாற்றினேன். இரண்டே வாரத்தில் மறுபடியும் கசிவு!

காரணம் இதுதான். ஓட்டத்தில் டிஃபரன்ஷியல் சூடாகி, உள்ளிருக்கும் காற்று விரியும். அது வெளியேறுவதற்கே 'பிரீதர்' என்ற சிறு துளை. சேறு அதை அடைத்தால், அழுத்தம் எண்ணெயை சீல் வழியே தள்ளிவிடும். சக்கரத்தருகே கசிந்தால் பிரேக் லைனிங்கில் எண்ணெய் படியும். குடும்பத்தோடு ஸ்ரீசைலம் மலைப்பாதையில் இறங்கும்போது பிரேக் பிடிப்பு குறைந்தால் என்ன ஆகும்?

ஆகவே அன்பர்களே, முதலில் பிரீதரைச் சுத்தம் செய்யுங்கள்; பிறகு சீலை மாற்றுங்கள். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, முழுவதும் மாற்றுங்கள். சேற்றில் இரு சக்கரங்களையும் சேர்த்துப் பூட்டும் லாக்கிங் டிஃபரன்ஷியலானால், கையேடு சொல்லும் எண்ணெயையே ஊற்றுங்கள்.