மல்லர் எழுதிக்கொடுத்த முச்சலிக்கா

2016-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில், பிரேஸில் தேசத்து மல்லர் ஜோஸே ஆல்டோ என்பார், தம்மை ஒப்பந்தத்தினின்றும் விடுவித்துவிட வேண்டுமென்று தமது முதலாளிகளான அமெரிக்கக் கம்பெனியாரைக் கேட்டுக்கொண்டார். அப்பொழுது அவருக்கு வயது 30. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னரே அவர் ஒரு பட்டத்தை வென்றிருந்தார். பத்து வருஷ காலம் ஒரு தோல்வியும் அறியாதிருந்த அம்மல்லரைத் தம் எடையில் உலகத்திலேயே நிகரற்றவர் என்று நிபுணர்கள் பலர் கூறியிருந்தனர். இத்தகைய ஒருவர் வேறிடம் சென்று பிழைக்க அனுமதி கேட்டு நிற்பானேன்? கேட்டும் அது கிடையாமற் போவானேன்? ஆல்டோவைப்பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அவர் 13 வினாடிகளில் தோற்ற கதையையே எழுதுகிறார்கள். நமக்கோ இந்த விண்ணப்பமே அவருடைய சரித்திரத்தில் ஆழ்ந்து நோக்கற்பாலதாகத் தோன்றுகிறது.

கலப்புச் சண்டை எனப்படும் இவ்வித்தையைப்பற்றி நேயர்களுக்குச் சில வார்த்தைகள் சொல்லுதல் அவசியம். 1914-ம் வருஷத்தில் ஜப்பானிய ஜூடோ வீரர் மிட்ஸுயோ மயேடா பிரேஸில் சென்றார். வடக்கேயுள்ள பெலேம் நகரில் அவரிடமிருந்து பிடிகளைக் கற்ற கிரேஸி குடும்பத்தார், அவற்றைத் தமக்கென ஒரு வித்தையாக வளர்த்தனர். எந்த வித்தைக்காரரும் எவருடனும் மோதலாம் என்ற பந்தயங்கள் அந்நாட்டில் "வாலே டூடோ", அதாவது "எதுவும் செல்லும்" என்னும் பெயரால் நடைபெற்று வந்தன. அதே குடும்பத்தாரின் முயற்சியால் 1993-ல் அமெரிக்காவின் டென்வர் நகரில் முதல் யு.எப்.ஸி. போட்டி நடந்தது. பிறகு இத்தொழில் அநாகரிகமானதென்று கண்டிக்கப்பட்டு, மாகாணங்கள் பலவற்றில் தடுக்கப்பட்டு, விதிகளும் மத்தியஸ்தர்களும் வைத்தியப் பரிசோதனையும் ஏற்பட்ட பின்னரே மெள்ள மெள்ள அனுமதி பெற்றது. நியூயார்க் மாகாணம் 2016-ல்தான் இணங்கிற்று. விழுந்தவனை விழுந்தபின்னும் குத்தும் வழக்கம் நமக்கு உவப்பானதன்று. எனினும் அதில் உழைப்பவனுடைய நியாயம் அதனாற் குறைந்துவிடாது.

ஆல்டோ 1986-ம் வருஷம் செப்டம்பர் 9-ந் தேதி, அமேஸான் நதிக் காட்டின் நடுவிலுள்ள மனௌஸ் நகரில் பிறந்தார். ரப்பர்ப் பாலினால் ஒரு காலத்தில் செல்வம் கொழித்த நகரம் அது. 1896-ல் திறக்கப்பட்ட அதன் நாடகசாலை அச்செல்வத்திற்கு இன்றும் சாட்சியாக நிற்கிறது. 1876-ல் ஆங்கிலேயர் ஒருவர் பிரேஸிலிலிருந்து கொண்டு சென்ற ரப்பர் விதைகள் இலங்கையிலும் மலேயாவிலும் தோட்டங்களாகப் பெருகின. அத்தோட்டங்களிற் பால் வடித்தவர்களில் நம் தமிழ்க் கூலிகள் பல்லாயிரவர். அவர்கள் வடித்த பால் மலிவாகச் சந்தைக்கு வந்தபோது மனௌஸின் வாழ்வு சரிந்தது. இரு கடல்களுக்கு அப்பாலிருந்த அவ்வூர் வீழ்ச்சிக்கும் நம்மவர் வியர்வைக்கும் இருந்த தொடர்பை இங்கு நினையாமலிருக்க முடியவில்லை.

ஆல்டோ குழந்தையாயிருந்தபோது இறைச்சி சுடும் அடுப்பின்மேல் விழுந்ததால் ஏற்பட்ட தழும்பு அவருடைய இடக் கன்னத்தில் இருக்கிறது. பந்தாட்டக்காரராக வேண்டுமென்பதே அவருடைய சிறுவயது ஆசை. வித்தை கற்கும் பொருட்டு இளவயதிலேயே ரியோ டி ஜனேரோ நகருக்கு வந்து, ஆந்த்ரே பெடர்னெய்ராஸ் என்னும் ஆசிரியரின் "நோவா யூனியாவ்" பயிற்சிச்சாலையில் சேர்ந்தார். கையிற் காசில்லை, பயிற்சிச்சாலையிலேயே படுக்கை, சில வேளைகளில் பட்டினி. அவருடைய வாழ்வைத் தழுவி 2016-ல் பிரேஸிலில் ஒரு சினிமாப் படமும் வந்தது.

2004-ல் அவர் முதன்முறையாகக் கோதாவில் இறங்கினார். 2005-ம் வருஷ முடிவில் ஒரு முறை கழுத்துப் பிடியில் சிக்கித் தோற்றார். அதன் பின்னர் 2015 டிசம்பர் வரையில் தோல்வி என்பதே கிடையாது. 18 போர்கள், 18 வெற்றிகள். 2009 ஜூனில் கப் ஸ்வான்ஸன் என்பவரைப் பாய்ந்து முழங்காலால் தாக்கி 8 வினாடிகளில் முடித்தார். அதே வருஷம் நவம்பரில் மைக் பிரவுனை வென்று, 145 ராத்தல் எடைக்குரிய டபிள்யு.இ.ஸி. பட்டத்தைப் பெற்றார்.

அவருடைய வித்தையின் இயல்பை அறிய விரும்புவோர் 2010 ஏப்ரல் 24-ந் தேதி நடந்த போரைப் பார்த்தல் வேண்டும். எதிராளி யுரைஜா ஃபேபர் கலிபோர்னியா ஜனங்களின் செல்லப் பிள்ளை. போர் நடந்ததோ அவருடைய சொந்த ஊரான ஸாக்ரமெண்டோவில். ஆல்டோ முகத்தைப் பெரிதும் நாடவில்லை. ஃபேபருடைய தொடையையே குறிவைத்து, மரம் வெட்டுபவன் ஒரே வாயிற் கோடரியைப் போடுவதுபோல உதைத்துக்கொண்டேயிருந்தார். கால் வீங்கிக் கருநீலமாயிற்று. சுற்றுக்களின் நடுவே ஃபேபரை அவருடைய ஆட்கள் தாங்கிக்கொண்டு போய் ஆசனத்தில் உட்காரவைக்க நேர்ந்தது. அவரும் ஐந்து சுற்றுக்களும் நின்று தீர்த்தார். அந்த உறுதியையும் நாம் போற்றவே வேண்டும். ஆல்டோவிடம் இரண்டு சிறப்புக்கள். அவரை எளிதிற் கீழே தள்ள முடியாது. இடுப்பைத் திருப்பி நழுவிவிடுவார். அடிக்கு அடி அளந்து கொடுப்பாரேயன்றிச் சினத்தால் ஓர் அடியையும் வீணாக்கார்.

டபிள்யு.இ.ஸி. என்னும் ஸ்தாபனத்தை யு.எப்.ஸி. தன்னுள் சேர்த்துக்கொண்டபோது, 2010 நவம்பரில் அவ்வெடையின் முதல் யு.எப்.ஸி. பட்டம் அவருக்கே அளிக்கப்பட்டது. அதை ஏழு முறை காத்தார். 2012 ஜனவரியில் ரியோவில் சாட் மெண்டிஸ் என்பவரை முதற் சுற்றின் கடைசி வினாடியில் முழங்காலால் வீழ்த்திய கையோடு, கோதாவை விட்டோடி ஜனத்திரளுக்குள் புகுந்தார். ஜனங்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டனர். அதே சுற்றில் கீழே விழாமலிருக்க அவர் வேலிக்கம்பியைப் பற்றிக்கொண்டதையும், மத்தியஸ்தர் அதை எச்சரிக்கையோடு விட்டதையும் நாம் மறைப்பதற்கில்லை. 2014 அக்டோபரில் அதே நகரில் அதே மெண்டிஸுடன் ஐந்து சுற்றுக்கள் பொருது மீண்டும் வென்றார்.

இவ்வளவும் செய்தவருக்கு ஒன்று மட்டும் கைவரவில்லை, அதுதான் வாய். ஆங்கிலம் அவருக்கு வழங்கும் மொழியன்று. கூட்டங்களில் மொழிபெயர்ப்பாளர் மூலம் இரண்டொரு வார்த்தை சொல்லி அமர்ந்துவிடுவார். இத்தொழிலிலோ சண்டை விற்பதைவிடச் சச்சரவு அதிகம் விற்கும். 2015-ல் அயர்லாந்து வீரர் கானர் மெக்ரெகருடன் போர் நிச்சயமாயிற்று. இருவரையும் பல தேசங்களில் ஊர் ஊராக மேடையேற்றி, ஒருவரை ஒருவர் ஏசுவதைக் காட்சியாக்கினார்கள். டப்ளின் நகர மேடையில் மெக்ரெகர் ஆல்டோவின் பட்டக் கச்சையைப் பறித்துக்கொண்டு கூத்தாடினார். ஜூலையில் நடக்கவேண்டிய போர், ஆல்டோவின் விலா எலும்புக்கு ஏற்பட்ட காயத்தால் தள்ளிப்போயிற்று. டிசம்பர் 12-ந் தேதி லாஸ் வேகஸில் மணி அடித்ததும், எப்பொழுதும் அளந்து அடிப்பவர் அன்று பாய்ந்து சென்றார். எதிரியின் இடக்கைக் குத்து ஒன்று தாடையில் விழுந்தது. 13 வினாடிகளில் எல்லாம் முடிந்துபோயிற்று. பல மாதம் ஏசிய ஏச்சு அவருடைய நிதானத்தைத் தின்றுவிட்டது என்பதே நமது அபிப்பிராயம்.

பத்து வருஷம் தோற்காதவன் ஒரு முறை தோற்றால், மறுபடியும் மோத ஒரு சந்தர்ப்பம் கொடுப்பது எந்த வித்தையிலும் மரியாதை. ஆல்டோவும் அதையே எதிர்பார்த்தார். 2016 ஜூலையில் ஃப்ராங்கி எட்கரை வென்று இடைக்காலப் பட்டத்தையும் பெற்றார். மெக்ரெகரோ 145 ராத்தல் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டே, வேறு எடைகளில் அதிக வருமானம் தரும் போர்களை ஆடிக்கொண்டிருந்தார். அவ்வருஷம் நவம்பரில் அவர் எட்டி ஆல்வரெஸுடன் மோதுவார் என்ற செய்தி வெளியானவுடன்தான் ஆல்டோ தம்மை விடுவிக்கும்படி கேட்டார். அதே வருஷம் ஜூலையில் அந்தக் கம்பெனி ஏறக்குறைய 400 கோடி டாலருக்குக் கைமாறியிருந்ததென்பதை இவ்விடத்தில் நேயர்கள் ஞாபகத்தில் வைக்கவேண்டும். விடுதலை அளிக்கப்படவில்லை. நவம்பர் முடிவில் மெக்ரெகர் வசமிருந்த பட்டத்தை நீக்கி, போரின்றியே ஆல்டோவை முழுப் பட்டதாரி என்று அறிவித்தார்கள். அவர் கேட்டதோ மெக்ரெகருடன் மறு போர். கையிற் கிடைத்தது கச்சை.

இனி அந்த முச்சலிக்காவைப் பார்ப்போம். இம்மல்லர்கள் சம்பளக்காரர்களல்லர், சுயேச்சையான ஒப்பந்தக்காரர்கள் என்பது ஏட்டிலுள்ள பெயர். சம்பளக்காரனுக்குரிய பாதுகாப்புக்கள் இதனால் அவர்களுக்கு இல்லை. அப்படியானால் சுயேச்சையாவது உண்டா என்றால், அதுவுமில்லை. ஒப்பந்த காலத்தில் வேறு எவருக்காகவும் போர் செய்யலாகாது. பட்டம் பெற்றவனுக்கு அக்காலம் தானே நீளும். காயம்பட்டாலோ ஓய்வு கொண்டாலோ அந்த நாட்கள் கணக்கிற் சேரா. வென்றவனை வென்றதற்காகவே கட்டிப்போடும் ஷரத்து இது. கையெழுத்திட்டவன் அறிந்துதானே இட்டான் என்பார் உளர். வாங்குவோர் பலராயிருக்கும் சந்தையில் அவ்வாதம் செல்லும்; வாங்குவோன் ஒருவனேயான இடத்தில் விற்பவனுடைய சம்மதத்துக்கு என்ன மதிப்பு? குத்துச்சண்டைக்காரர்களை இத்தகைய பிடியிலிருந்து ஓரளவு காப்பதற்காக அமெரிக்கக் காங்கிரஸ் 2000-ம் வருஷத்தில் முகம்மது அலியின் பெயரால் ஒரு சட்டம் செய்தது. கலப்புச் சண்டைக்காரர்களுக்கு அது பொருந்தவில்லை.

2014 டிசம்பரில் மல்லர்கள் சிலர் இக்கம்பெனியின்மீது ஏகபோகத் தடைச் சட்டத்தின்படி வழக்குத் தொடுத்தனர். கம்பெனியின் வருமானத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கே மல்லர்களைச் சேர்ந்ததென்பது அவர்கள் வாதம். அந்நாட்டின் பெரிய பந்தாட்டச் சங்கங்களிலோ ஆட்டக்காரர்களுக்குச் சற்றேறக்குறையப் பாதி கிடைக்கிறது. 2023-ல் நெவாடா பெடரல் கோர்ட்டு ஜட்ஜ் ரிச்சர்ட் பூல்வேர், 2010 டிசம்பர் 16 முதல் 2017 ஜூன் 30 வரையில் போர் செய்த சுமார் 1,200 பேரை ஒரே வகுப்பினராக ஏற்றார். 2024 ஜூலையில், 33.5 கோடி டாலருக்குச் செய்துகொண்ட ராஜியை அவர் ஒப்பவில்லை. பிறகு 37.5 கோடி டாலர் என்று ஏற்பட்ட புதிய ராஜி 2025 பிப்ரவரியில் இறுதி அனுமதி பெற்றது. கம்பெனி குற்றம் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை.

அந்த வகுப்பின் தேதிகளை நோக்குங்கள். ஆல்டோ யு.எப்.ஸி. பட்டத்தை முதலிற் பெற்றது 2010 நவம்பரில். கடைசியாக இழந்தது 2017 ஜூன் 3-ந் தேதி, ரியோவில், மாக்ஸ் ஹாலோவேயிடம். அவருடைய சிறந்த வருஷங்களெல்லாம் ஏறக்குறைய அந்த வரம்புக்குள்ளேயே அடங்கிவிட்டன.

அதன் பின்னர் அவர் 135 ராத்தல் எடைக்கு இறங்கி, 2020-ல் அப்பட்டத்துக்கும் பொருது ஐந்தாம் சுற்றில் தோற்றார். தொடர்ந்து மூன்று போர்களில் வென்றார். 2022-ல் ஓய்வை அறிவித்தார். மறு வருஷம் குத்துச்சண்டைக் கோதாவில் இறங்கியதோடு, யு.எப்.ஸி.யின் கீர்த்தி மண்டபத்திலும் இடம் பெற்றார். ஆனால் பழைய முச்சலிக்காவில் ஒரு போர் பாக்கியிருந்தது. அதைத் தீர்ப்பதற்காக 2024 மே 4-ந் தேதி ரியோவில் மீண்டும் இறங்கி, தம்மைவிட இளைஞரான ஜொனதன் மார்ட்டினெஸை வென்றார். விடுதலை கேட்டு ஏறக்குறைய எட்டு வருஷங்கள் கழித்து, 37-வது வயதில் அவர் எவருக்கும் கட்டுப்படாதவரானார். சில மாதங்களுக்குள் அதே கம்பெனியுடன் புதிய பத்திரம் எழுதிக்கொண்டார். அந்த வயதில் வேறு எங்கே போவது?

புதிய பத்திரத்தின்கீழ் இரண்டு போர்கள்; இரண்டிலும் தோல்வி. இரண்டாவது 2025 மே 10-ந் தேதி மாண்ட்ரியாலில் நடந்தது. எடையைக் குறைக்க முடியாமற் போகவே, போர் பழைய 145 ராத்தலுக்கு மாற்றப்பட்டது. மூன்றாஞ் சுற்றில் எதிராளியைத் தலையில் உதைத்துத் தள்ளாட வைத்தார். முடித்துவிடுவார் என்றே தோன்றிற்று. பிறகு கீழே சிக்கி, சுற்று முடியும் வரையில் முழங்கையடி வாங்கினார். தீர்ப்புச் சொன்னதும் கையுறைகளைக் கழற்றிக் கோதாவிலேயே வைத்துவிட்டார். 42 போர்கள், 32 வெற்றிகள். 2017 ஜூலைக்குப் பிறகு போர் செய்தவர்களுக்காக 2021-ல் தொடுக்கப்பட்ட மற்றொரு வழக்கு அன்றைக்கும் முடிவாகவில்லை.