'லிமிடெட் எடிஷன்' பார்த்ததும் கார்டை எடுக்கறீங்களா? சதர்ன் ராக் வினைல் சொல்லித்தரும் பணப் பாடம்



சம்பளம் கிரெடிட் ஆன மறுநாள். ஆஃபீஸ் முடிஞ்சு வீட்டுக்குப் போற வழியில போன்ல ஒரு நோட்டிஃபிகேஷன்: "50ஆம் ஆண்டு சிறப்புப் பதிப்பு, 180 கிராம் வினைல், குறைந்த பிரதிகளே உள்ளன." கை தானா கார்டைத் தேடுது. மனசு ஒரு காரணத்தையும் ரெடியா வெச்சிருக்கு: "இது செலவு இல்லப்பா, இன்வெஸ்ட்மெண்ட். நாளைக்கு விலை ஏறும்."

உண்மையிலேயே ஏறுமா? வினைல்ல மறுபதிப்பு வர்ற வகைகள்ல சதர்ன் ராக்கும் அமெரிக்கானாவும் உண்டு. அந்த ஆல்பங்களை வெச்சே இன்னைக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நானும் தட்டு வாங்கிக் கேக்கற ஆளுதான். அதனால "வாங்காதீங்க"ன்னு உபதேசம் பண்ண வரல.

முதல்ல, இது என்ன சந்தை?

அமெரிக்காவோட தென்மாநிலங்கள்ல ப்ளூஸ், கன்ட்ரி, ராக் மூணும் கலந்து 1970கள்ல வளர்ந்தது சதர்ன் ராக். ஆல்மன் பிரதர்ஸ் பேண்ட், லினர்ட் ஸ்கினர்ட் எல்லாம் இந்த வரிசை. ஃபோக், கன்ட்ரி, காஸ்பல், ப்ளூஸ்னு வேரை விடாம இன்னைக்கு எழுதறவங்களுக்கு அமெரிக்கானான்னு பேர். இதுக்குத் தனி கிராமி விருதே 2010ல இருந்து இருக்கு.

2022ல அமெரிக்காவில வினைல் தட்டுகள் எண்ணிக்கையில சிடியை முந்திடுச்சு. 1987க்கு அப்புறம் அதுதான் முதல் தடவை. 2023ல சுமார் 4.3 கோடி தட்டுகள், 140 கோடி டாலர் வருமானம். இவ்வளவு பணம் புரளுதுன்னா, கம்பெனிகள் பழைய டேப்பை எல்லாம் தூசி தட்டி எடுக்கத்தானே செய்யும்?

ரெண்டு தட்டு, ஒரு தட்டு விலை

ஆல்மன் பிரதர்ஸோட 'அட் ஃபில்மோர் ஈஸ்ட்', 1971 மார்ச்ல நியூயார்க்ல லைவா பதிவு செஞ்சது. ரெண்டு எல்பி, ஆனா பாட்டு மொத்தம் ஏழுதான். 'விப்பிங் போஸ்ட்' ஒரு பாட்டே நாலாவது பக்கம் முழுக்க, சுமார் 23 நிமிஷம் ஓடும். அதை ஒரு எல்பிக்கான விலையில விக்கறதுன்னு அன்னைக்கு முடிவு பண்ணாங்க. ரசிகன் கையில பணம் கம்மி, அவனுக்கு எட்டணும்னு கணக்கு.

இன்னைக்கு நிலைமை தலைகீழ். ஒரே ஆல்பம் சிவப்பு கலர், நீலக் கலர், கடைக்கு ஒரு கலர்னு வருது. பாட்டு அதேதான். கலருக்குத்தான் கூடுதல் காசு.

கதை வேற, அபூர்வம் வேற

லினர்ட் ஸ்கினர்டோட 'ஸ்ட்ரீட் சர்வைவர்ஸ்' 1977 அக்டோபர் 17 வெளியாச்சு. மூணே நாள்ல பேண்ட் போன விமானம் மிசிசிப்பியில விழுந்தது. பாடகர் ரோனி வான் ஸான்ட், கிதாரிஸ்ட் ஸ்டீவ் கெய்ன்ஸ், அவரோட அக்கா கேஸி கெய்ன்ஸ் உட்பட ஆறு பேர் இறந்தாங்க. ஆல்பம் அட்டையில பேண்ட் நெருப்புக்கு நடுவுல நிக்கற படம். அதைக் கம்பெனி திரும்ப எடுத்துட்டு கறுப்புப் பின்னணி அட்டை போட்டது.

"அப்போ நெருப்பு அட்டைப் பிரதி லட்சத்துக்குப் போகுமே!"ன்னு தோணும். போகாது. அது பெரிய பேண்ட். அட்டை மாறுறதுக்குள்ளயே நிறைய பிரதிகள் கடைகளுக்குப் போயாச்சு. பின்னாடி வந்த சில மறுபதிப்புகள்ல பழைய அட்டையே திரும்பவும் வந்துடுச்சு. ஒரு பொருளுக்குப் பின்னாடி பெரிய கதை இருக்கறதுனால மட்டும் அது அபூர்வம் ஆகிடாது. ஷேர் வாங்கும்போதும் இதே விதிதான்: கதையை மட்டும் கேட்டு வாங்கினவங்க கதி நமக்குத் தெரியும்.

மறுபதிப்பு வந்தா என்ன ஆகும்?

டாம் பெட்டியோட 'வைல்ட்ஃப்ளவர்ஸ்' 1994ல வந்தது. சிடி கொடிகட்டிப் பறந்த காலம், வினைல் கொஞ்சமாத்தான் அச்சடிச்சாங்க. அதனால பழைய பிரதி கிடைக்கறதே கஷ்டம், கிடைச்சாலும் யானை விலை. 2020ல முறையான மறுபதிப்பு வந்துச்சு. பாட்டு கேக்கணும்னு நினைச்சவங்க புதுசை வாங்கிட்டுப் போயிட்டாங்க. பழைய பிரதியைத் தேடறது சேகரிப்பாளர்கள் மட்டும்தான்.

நீங்க 'முதலீடு'ன்னு வெச்சிருக்கற தட்டை எப்ப வேணும்னாலும் கம்பெனி இன்னும் பல ஆயிரம் அச்சடிக்கலாம். அதைத் தடுக்க உங்களால முடியாது. இந்த ரிஸ்க் எந்த ஸ்டிக்கர்லயும் எழுதியிருக்காது.

ஸ்டிக்கர்னதும் இன்னொண்ணு. மோஃபைங்கற மொபைல் ஃபிடெலிட்டி கம்பெனி, மறுபதிப்புக்குப் பேர் போனது. முழுக்க அனலாக்னு நம்பித்தான் ரசிகர்கள் காசு கொடுத்தாங்க. 2022ல ஒரு ரெக்கார்ட் கடைக்காரர் யூடியூப்ல கிளப்பின கேள்வியில, தயாரிப்புக்கு நடுவுல டிஜிட்டல் படி இருந்தது வெளியே வந்துச்சு. கேஸ் சுமார் 2.5 கோடி டாலர் தீர்வுல முடிஞ்சது. 180 கிராமும் அப்படித்தான்: எடை கூடினா தட்டு கையில கனமா இருக்கும், அவ்வளவுதான். சவுண்டைத் தீர்மானிக்கறது மாஸ்டரிங்கும் அச்சடிக்கற தரமும்.

இப்போ நம்ம கணக்கு

உதாரணத்துக்கு தட்டு 40 டாலர், ஷிப்பிங் 25 டாலர். டாலர் 90 ரூபாய்னு வெச்சுக்கிட்டா 5,850 ரூபாய். கார்டு ஃபோரெக்ஸ் மார்க்அப் 3.5%, அதுக்கு ஜிஎஸ்டி சேர்த்தா சுமார் 6,100. சுங்கவரி இதுல சேர்க்கவே இல்ல.

அஞ்சு வருஷம் கழிச்சு 8,000க்கு வித்துட்டீங்க. 31% லாபம்னு தோணுதா? விற்கற தளத்தோட கமிஷன் 10%னு வெச்சா கைக்கு வர்றது 7,200. வருஷத்துக்கு சுமார் 3.4%. சாதாரண எஃப்டிகூட இதைவிட மேல. அதுவும் தட்டை ஒரு தடவைகூடப் பிரிச்சுக் கேக்காம இருந்தாத்தான். நம்ம ஊர் வெயில்ல தட்டு நெளிஞ்சா அந்த 7,200ம் கிடையாது.

இன்னும் மோசமான கணக்கு ஒண்ணு இருக்கு. ஆசையில மூணு தட்டு, 18,300 ரூபாய் கார்டுல. மாசம் 3.5% வட்டின்னா வருஷத்துக்கு 42%. அசலைத் தொடாம ஒரு வருஷம் உருட்டினா வட்டி மட்டும் சுமார் 7,700, அதுக்கு 18% ஜிஎஸ்டி சேர்த்தா 9,000க்கு மேல. ஒண்ணரைத் தட்டு விலை சும்மா போச்சு!

கடன் வாங்கி ஆல்பம் போட்ட பேண்ட்

டிரைவ்-பை ட்ரக்கர்ஸ்னு ஒரு பேண்ட். பேட்டர்சன் ஹூட், மைக் கூலி ரெண்டு பேரும் அலபாமாக்காரங்க. ஸ்கினர்ட் கதையைச் சுத்தி 'சதர்ன் ராக் ஓபரா'ன்னு டபுள் ஆல்பம் பண்ணாங்க. பெரிய கம்பெனி பின்னாடி இல்ல. ரசிகர்கள், நண்பர்கள்கிட்ட கடன் பத்திரம் எழுதிக் கொடுத்து, 15% வட்டிக்கு சுமார் 23,000 டாலர் திரட்டி 2001ல தாங்களே வெளியிட்டாங்க. அடுத்த வருஷமே லாஸ்ட் ஹைவே கம்பெனி அதை எடுத்து மறுவெளியீடு செஞ்சது. 2024ல விரிவான வினைல் பதிப்பும் வந்துச்சு.

யோசிச்சுப் பாருங்க. அந்த ஆல்பத்தை உருவாக்கினவங்களே 15% வட்டிக்குத்தான் கடன் வாங்கினாங்க. அதுவும் சம்பாதிச்சுக் கொடுக்கக்கூடிய ஒரு பொருளை உண்டாக்க. நாம அதோட கலர் பதிப்பை 42% வட்டிக்கு வாங்கினா எப்படி?

அப்போ எப்படி வாங்கறது?

1. ஆசைக்குத் தனி பட்ஜெட். எஸ்ஐபி, எமர்ஜென்சி ஃபண்ட் போன பிறகு மாசம் 1,000 ரூபாய் ஒதுக்குங்க. ஏழு மாசத்துக்கு ஒரு தட்டு வரும்.

2. முதல்ல ஸ்ட்ரீமிங்ல பத்து தடவை கேளுங்க. பத்தாவது தடவையும் பிடிச்சா வாங்குங்க. நான் அப்படி வாங்கின தட்டு ஜேசன் இஸ்பெல்லோட 2013 ஆல்பம் 'சவுத்ஈஸ்டர்ன்'. இன்னைக்கும் ஞாயித்துக்கிழமை காலையில ஓடுது.

3. கேட்ட விலையைப் பார்க்காதீங்க, வித்த விலையைப் பாருங்க. டிஸ்காக்ஸ் தளத்துல பழைய விற்பனை விவரம் இருக்கு. பழைய பிரதின்னா தட்டோட கண்டிஷன் கிரேடையும் பாருங்க.

4. சாதாரணக் கறுப்புத் தட்டு போதும். நாலு பேர் சேர்ந்து ஆர்டர் போட்டா ஷிப்பிங்கும் குறையும்.

5. முழு பில்லையும் கட்ட முடியலைன்னா வாங்கவே வேணாம். 'குறைந்த பிரதிகள்' போனா போகட்டும். பாட்டு எங்கேயும் போகாது.

தட்டு வாங்கறது தப்பே இல்ல. அதை இன்வெஸ்ட்மெண்ட்னு நமக்கு நாமே சொல்லிக்கறதுதான் தப்பு. செலவுன்னு ஒத்துக்கிட்டு வாங்கினா, பிரிச்சுப் போட்டு நிம்மதியா கேக்கலாம். சீல் உடையாம அலமாரியில வெச்சு விலை ஏறுதான்னு பார்த்துக்கிட்டு இருக்கறதுக்கா அவங்க அந்த 23 நிமிஷம் வாசிச்சாங்க?

இந்தக் கணக்கை எக்ஸெல் ஷீட்டோட நம்ம சேனல் வீடியோவுலயும் போட்டுக் காட்டியிருக்கேன். உங்க தட்டோட விலையை அதுல போட்டுப் பாருங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்!